நள்ளிரவில் மிரட்டி வாங்கிய கையெழுத்து... செக் நாட்டை ஹிட்லரிடம் ஒப்படைத்த நீதிபதி! யார் இந்த எமில் ஹாகா?

1939 மார்ச் 15. அதிகாலை நான்கு மணி ஆக இன்னும் சில நிமிடங்கள். இடம் பெர்லின், ஹிட்லரின் புது அலுவலக மாளிகை. 66 வயதுப் பெரியவர் ஒருவர் மேஜையில் இருக்கும் தாளில் கையெழுத்துப் போடுகிறார். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அவர் மயங்கி விழுந்திருந்தார். ஊசி போட்டு எழுப்பி உட்கார வைத்திருந்தார்கள். அந்த ஒரு கையெழுத்தோடு அவருடைய நாடு உலக வரைபடத்திலிருந்து காணாமல் போனது.

அவர்தான் எமில் ஹாகா. அப்போதைய செக்கோ-ஸ்லோவாக்கியாவின் அதிபர். (ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தால் ஹாச்சா என்று வரும். செக் மொழியில் அந்த எழுத்துக்குத் தொண்டையிலிருந்து வரும் ஹ, க இரண்டுக்கும் நடுவிலான ஒலி. அதனால் இங்கே ஹாகா என்றே எழுதுகிறோம்.)

ஹாகா ராணுவத் தளபதியும் இல்லை, கட்சி நடத்தியவரும் இல்லை. சட்டம் படித்தவர், நீதிபதியாக இருந்தவர். அரசாங்கம் போடும் உத்தரவு சட்டப்படி செல்லுமா செல்லாதா என்று சரிபார்ப்பதுதான் பல ஆண்டுகளாக அவர் பார்த்த வேலை. அப்படிப்பட்ட மனிதர், சட்டப்படி துளியும் செல்லாத ஒரு தாளில் எப்படிக் கையெழுத்துப் போட்டார்? அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஏன் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

வரி அலுவலகக்காரர் மகன்

1872 ஜூலை 12. தெற்கு பொஹீமியாவில் உள்ள ட்ர்ஹோவே ஸ்வினி என்ற சின்ன ஊரில் பிறந்தார் ஹாகா. அப்பாவுக்கு வரி அலுவலகத்தில் வேலை. அந்தக் காலத்தில் செக் நாடு என்று தனியாக ஒன்று கிடையாது. எல்லாமே வியன்னாவில் இருந்து ஆண்ட ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்குள் இருந்தது.

பள்ளிப் படிப்பு பக்கத்து நகரத்தில். சட்டப் படிப்பு பிராகா பல்கலைக்கழகத்தில். 1896-ல் பட்டம். கொஞ்ச காலத்தில் பொஹீமிய மாகாணத்தின் சுயாட்சி அமைப்பில் அதிகாரியாகச் சேர்ந்தார். கோப்பு, குறிப்பு, விதிமுறை என்று போகும் வேலை. வெளியில் யாருக்கும் பெயர் தெரியாது. ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது. நிர்வாகச் சட்டத்தில் சிக்கலான கேள்வி வந்தால் ஹாகாவிடம் கேட்கலாம்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1916-ல் வியன்னாவில் இருந்த உயர் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே அவருக்கு ஒரு மூத்தவர் வாய்த்தார், ஃபெர்டினாண்ட் பன்டூசெக் என்ற செக் நீதிபதி. இரண்டே வருஷத்தில் பேரரசு உடைந்தது. 1918 அக்டோபரில் செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது. புது நாடு பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, தனக்கென்று ஓர் உயர் நிர்வாக நீதிமன்றத்தைச் சட்டம் போட்டு அமைத்துக்கொண்டது. பன்டூசெக் அதன் தலைவரானார். ஹாகாவும் வியன்னாவிலிருந்து பெட்டி படுக்கையோடு பிராகா திரும்பினார்.

1925-ல் பன்டூசெக் காலமானதும், அதிபர் மசாரிக் ஹாகாவை அந்த நீதிமன்றத்தின் தலைவராக்கினார்.

இந்த நீதிமன்றத்துக்கு என்ன வேலை?

இதைப் புரிந்துகொண்டால்தான் பின்னால் வரும் கதையின் கனம் புரியும்.

கொலை, கொள்ளை வழக்குகள் அங்கே வராது. சாதாரண மனிதனுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் வரும் தகராறுகள்தான் வரும். ஒருவருக்கு உரிமம் மறுத்துவிட்டார்கள். இன்னொருவருக்குத் தப்பாக வரி போட்டுவிட்டார்கள். ஓர் ஊராட்சியின் முடிவை அமைச்சகம் ரத்து செய்துவிட்டது. இப்படிப் பாதிக்கப்பட்டவர் நேராக இந்த நீதிமன்றத்துக்கு வரலாம். உத்தரவு போட்ட அதிகாரிக்கு அந்த அதிகாரம் உண்டா, சட்டம் சொன்ன முறைப்படி போட்டாரா என்று நீதிபதிகள் பார்ப்பார்கள். தப்பு இருந்தால் அமைச்சரே போட்ட உத்தரவாக இருந்தாலும் ரத்து.

செக்கர், ஸ்லோவாக்கியர், ஜெர்மானியர், ஹங்கேரியர், யூதர் என்று பல மக்கள் கலந்து வாழ்ந்த நாடு அது. ஆட்சி மொழி, பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றிலும் உரசல் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் இந்த நீதிமன்றம் கிட்டத்தட்ட ஒரு பாதுகாப்பு வால்வு மாதிரி. 13 வருஷம் அதன் தலைமை நாற்காலியில் இருந்தார் ஹாகா. செக்கோஸ்லோவாக்கியப் பொதுச் சட்டத்துக்கான பெரிய அகராதி ஒன்றைத் தயாரித்தவர்களில் அவரும் ஒருவர். இங்கிலாந்துச் சட்ட முறையிலும் சர்வதேசச் சட்டத்திலும் நல்ல புலமை.

நீதிமன்றத்துக்கு வெளியே அவர் இன்னொரு ஆள். கவிதை எழுதுவார். ஓவியங்கள் சேகரிப்பார். ஜெரோம் கே. ஜெரோம் எழுதிய, தேம்ஸ் நதியில் படகில் போகும் மூன்று நண்பர்களின் நகைச்சுவைக் கதையைச் செக் மொழியில் மொழிபெயர்த்திருக்கிறார். இந்தியாவில் பலருக்குப் பள்ளிப் பாடத்தில் அறிமுகமான அதே புத்தகம்தான். பின்னாளில் ஹிட்லர் முன்னால் மயங்கி விழுந்தவர் இதையும் செய்தவர் என்பது, இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்போது நம்மைக் கொஞ்சம் நிறுத்திவிட்டது.

அரசியலே வேண்டாம் என்றவர் அதிபர் ஆனது எப்படி?

1938, ஹாகாவுக்கும் மோசமான வருஷம், அவர் நாட்டுக்கும் மோசமான வருஷம். வருஷத் தொடக்கத்திலேயே மனைவி மேரி இறந்துபோனார். ஓய்வு பெறும் வயதில் தனிமை. அவருக்கு மிலாடா என்று ஒரே மகள்.

செப்டம்பர் கடைசியில் மியூனிக் ஒப்பந்தம். ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ் நான்கும் உட்கார்ந்து பேசி, ஜெர்மன் பேசும் மக்கள் அதிகம் வாழ்ந்த சுடேட்டன்லாந்துப் பகுதியை ஹிட்லருக்குக் கொடுத்துவிட்டன. நிலம் யாருடையதோ அந்த நாட்டைப் பேச்சுவார்த்தை மேஜைக்கே கூப்பிடவில்லை! எல்லையில் கோடி கோடியாகச் செலவு செய்து கட்டிய கோட்டைகள் எல்லாம் ஜெர்மனி கைக்குப் போயின. அதே வேகத்தில் போலந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டது. ஹங்கேரி தெற்கு ஸ்லோவாக்கியாவை எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த நாட்டின் பெயருக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு வந்தது. செக்கோஸ்லோவாக்கியா, செக்கோ-ஸ்லோவாக்கியா ஆனது.

அக்டோபர் 5-ல் அதிபர் எட்வர்ட் பெனஷ் ராஜினாமா செய்து, சில நாளில் லண்டன் போய்விட்டார்.

இப்போது அந்த நாற்காலிக்கு யார்? பழைய அரசியலில் கை நனைக்காதவர் வேண்டும். ஹிட்லருக்கு எரிச்சல் ஏற்படுத்தாதவர் வேண்டும். கத்தோலிக்கராக இருந்தால் ஸ்லோவாக்கியர்களுக்கும் ஒத்துவரும். தேடிப் பார்த்ததில் ஹாகா பெயர் வந்தது. அவருக்கு விருப்பமே இல்லை. இதய நோய் வேறு. கடமை என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தார்கள். 1938 நவம்பர் 30 அன்று நாடாளுமன்றம் அவரை அதிபராகத் தேர்ந்தெடுத்தது.

பதவிக்கு வந்து இரண்டு வாரம்தான். டிசம்பர் 15-ல் ஒரு சட்டம் நிறைவேறியது. அவசர நிலையில் நாடாளுமன்றம் இல்லாமலே, அதிபரும் அமைச்சரவையும் அரசியல் சட்டத்தையே மாற்றிக்கொள்ளலாம் என்று அதிகாரம் கொடுத்த சட்டம் அது. உத்தரவுகளுக்கு வேலி போட்டே வாழ்ந்த நீதிபதியின் காலத்திலேயே அந்த வேலி பிடுங்கப்பட்டது. பெர்லின் இரவைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த டிசம்பர் நாளைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். சறுக்கல் இங்கேயே தொடங்கிவிட்டது என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

பெர்லின் போன ரயில்

மார்ச் மாதம் வந்தது. ஸ்லோவாக்கியத் தலைவர் டிசோவை பெர்லினுக்கு வரவழைத்தார் ஹிட்லர். பிரிந்து போங்கள், இல்லையென்றால் உங்களை அம்போ என்று விட்டுவிடுவேன் என்பதுதான் சேதி. மார்ச் 14 அன்று ஸ்லோவாக்கிய நாடாளுமன்றம் தனி நாடு என்று அறிவித்துவிட்டது. கோடு போட்டிருந்த இடத்திலேயே நாடு இரண்டாகக் கிழிந்தது.

நேரில் பேசினால் மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்று ஹாகா நினைத்தார். ஹிட்லரைச் சந்திக்க நேரம் கேட்டார். உடனே கிடைத்தது. இதய நோயால் விமானத்தில் போக முடியாது. அதனால் ரயில். கூடவே வெளியுறவு அமைச்சர் ஹ்வால்கோவ்ஸ்கியும், அப்பாவைத் தனியாக விட மனமில்லாமல் மகள் மிலாடாவும் போனார்கள்.

இரவு பதினொன்று நெருங்கும்போது பெர்லின் வந்து சேர்ந்தது ரயில். வரவேற்பு தடபுடல். ராணுவ அணிவகுப்பு மரியாதை, மகளுக்குப் பூங்கொத்து, ஹிட்லர் பெயரில் ஒரு பெட்டி சாக்லேட், அட்லான் ஹோட்டலில் அறை. ஒரு நாட்டின் தலைவருக்குச் செய்யும் மரியாதை ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் அவர் ரயிலில் வந்துகொண்டிருந்த அதே சாயங்காலம், ஜெர்மன் படை எல்லை தாண்டி ஆஸ்ட்ராவா பகுதிக்குள் நுழைந்துவிட்டது. பக்கத்து மீஸ்டெக் ஊரில் மட்டும் கேப்டன் காரெல் பாவ்லிக் தலைமையில் ஒரு படைப்பிரிவு துப்பாக்கியைத் தூக்கியது. அரை மணி நேரம் போல நடந்த சண்டை. ஆக்கிரமிப்பை எதிர்த்து அந்த நாட்டு ராணுவம் அப்போது செய்த ஒரே சண்டை அதுதான்.

ஹோட்டலில் ஹாகா காத்திருந்தார். ஹிட்லர் சினிமா பார்த்துக்கொண்டிருந்தார். நிஜமாகத்தான். வயதானவரைத் தூங்கவிடாமல், களைப்பாக்கிக் கூப்பிடுவது என்பதே திட்டம் என்று பல வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள்.

நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல்தான் அழைப்பு வந்தது. அறையில் ஹிட்லர், கோரிங், ரிப்பன்ட்ராப், தளபதி கைட்டல். ஹிட்லர் சுற்றி வளைக்கவில்லை. காலை ஆறு மணிக்கு ஜெர்மன் ராணுவம் மூன்று பக்கமிருந்தும் உள்ளே வரும். எதிர்த்தால் நசுக்கப்படும். ஒத்துக்கொண்டால் செக் மக்களுக்கு ஓரளவு சுயாட்சி. அதாவது, அங்கே பேசி முடிவெடுக்க ஒன்றுமே இல்லை.

பிறகு கோரிங் முறை. ஹாகா கையெழுத்துப் போடாவிட்டால், விடிந்ததும் தன் விமானங்கள் பிராகாவைக் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கும் என்றார். ஹாகா மயங்கிச் சரிந்தார். அவர் இங்கேயே செத்துப்போனால் கொன்றுவிட்டார்கள் என்று உலகம் பேசுமே என்று அங்கிருந்தவர்களுக்கே உதறல். ஹிட்லரின் சொந்த மருத்துவர் மோரெல் ஓடிவந்து ஊசி போட்டார். கண் விழித்ததும் கையில் டெலிபோனைக் கொடுத்தார்கள். படை எதிர்க்க வேண்டாம் என்று பிராகாவுக்குச் சொன்னார் ஹாகா. அதன் பிறகு, செக் மக்களின் தலைவிதியை முழு நம்பிக்கையோடு ஜெர்மன் தலைவர் கையில் ஒப்படைப்பதாக எழுதியிருந்த தாளில் கையெழுத்து. கீழே ஹ்வால்கோவ்ஸ்கி, ஹிட்லர், ரிப்பன்ட்ராப் கையெழுத்துகளும் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அன்றைய பேச்சுவார்த்தைக்கு நம்மிடம் உள்ள விரிவான குறிப்பை எழுதியது ஜெர்மன் தரப்பு. அதில் ஹாகா மிகவும் பணிந்து, குழைந்து பேசியதாக இருக்கிறது. ஜெயித்தவன் எழுதிய குறிப்பை எந்த அளவுக்கு நம்புவது என்பதில் இன்று வரை ஒருமித்த கருத்து இல்லை.

கையெழுத்து செல்லுமா?

செல்லாது. இதில் சந்தேகமே இல்லை. 1920 அரசியல் சட்டப்படி நாட்டின் எல்லையை மாற்றும் ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தின் சம்மதம் வேண்டும். அதிபர் தனி ஆளாக நாட்டை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. இதே மாதிரி ஒரு கோப்பு, பத்து வருஷத்துக்கு முன்னால் அவருடைய நீதிமன்றத்துக்கு வந்திருந்தால்? அதிகாரம் இல்லாதவர் போட்ட கையெழுத்து, மிரட்டி வாங்கிய கையெழுத்து என்று ஐந்து நிமிஷத்தில் தூக்கிப் போட்டிருப்பார். அந்த அறையில் இருந்தவர்களிலேயே அது செல்லாது என்று நன்றாகத் தெரிந்தவர் கையெழுத்துப் போட்டவர்தான்.

அப்படியானால் ஏன் போட்டார்? ஆதரவாளர்கள் சொல்வது: கோட்டைகள் போய்விட்டன, ஸ்லோவாக்கியா போய்விட்டது, உதவிக்கு ஒரு நாடும் இல்லை, பிராகா மட்டுமாவது பிழைக்கட்டும் என்று நினைத்தார். எதிர்ப்பாளர்கள் சொல்வது: மறுத்திருக்கலாம். படை எப்படியும் வந்திருக்கும். ஆனால் ஹிட்லருக்கு அழைத்ததால் வந்தேன் என்று காட்ட ஒரு தாள் கிடைத்திருக்காது. இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கு.

விடிந்ததும் பிராகாவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பனியில் ஜெர்மன் மோட்டார் வண்டிகள் வரிசையாக நுழைந்தன. ஹாகாவின் ரயிலை வழியில் தாமதப்படுத்தினார்கள். அவர் தன் மாளிகைக்குத் திரும்பியபோது, ஹிட்லர் ஏற்கனவே பிராகா கோட்டைக்குள் இருந்தார். வீட்டுக்காரர் வருவதற்குள் விருந்தாளி குடியேறிவிட்டார்.

ஆறு வருஷம், ஒரே நாற்காலி

மார்ச் 16 அன்று பொஹீமியா-மொராவியா பாதுகாப்புப் பிரதேசம் என்று ஒன்றை அறிவித்தார் ஹிட்லர். பேருக்குத் தனி அதிபர், தனி அமைச்சரவை எல்லாம் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஜெர்மனி அனுப்பும் பாதுகாவலர் என்ற அதிகாரி. முதலில் வந்தவர் கான்ஸ்டன்டின் ஃபான் நோய்ராத்.

இந்த ஆறு வருஷத்தை ஒரே நிறத்தில் பூசினால் தப்பாகிவிடும்.

முதல் இரண்டரை வருஷம் ஹாகா இரட்டை ஆட்டம் ஆடினார். ஏப்ரல் 1939-ல் முன்னாள் ராணுவத் தளபதி அலாயிஸ் எலியாஷைப் பிரதமராக்கினார். எலியாஷ் பகலில் ஜெர்மானியர்களோடு கூட்டம் போடுவார். மறைவில் லண்டனில் இருந்த பெனஷுக்குத் தகவல் அனுப்புவார். ஹாகாவுக்கும் இது தெரியும்.

1939 அக்டோபர் 28, சுதந்திர தினம். பிராகா தெருக்களில் மக்கள் திரண்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்ட மருத்துவ மாணவர் யான் ஓப்லெடால் நவம்பரில் இறந்தார். அவர் இறுதி ஊர்வலம் இன்னொரு போராட்டமானது. நவம்பர் 17 அன்று நாஜிகள் பல்கலைக்கழகங்களை மூடினார்கள். ஒன்பது பேரை விசாரணையே இல்லாமல் கொன்றார்கள். 1,200-க்கும் மேற்பட்ட மாணவர்களைச் சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். (நவம்பர் 17 சர்வதேச மாணவர் தினமானது இதனால்தான்.) அந்த மாணவர்களை விடச் சொல்லி ஹாகா விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த சில வருஷங்களில் தவணை தவணையாகப் பலர் வெளியே வந்தார்கள். அதிபர் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்ததால் ஏதாவது பலன் இருந்ததா என்று கேட்டால், அவர் தரப்பு முதலில் காட்டுவது இதைத்தான்.

மறுபக்கம் ரொம்ப இருட்டு. நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு, தேசிய ஒற்றுமை அமைப்பு என்று ஒன்றை உருவாக்கினார் ஹாகா. செக் ஆண்கள் கிட்டத்தட்ட எல்லோரும் அதில் சேர்ந்தார்கள். யூதர்களுக்கு மட்டும் இடமில்லை. 1939 ஜூலையில் அவருக்குக் கீழ் இருந்த செக் அமைச்சரவையே ஓர் ஆணை தயாரித்தது. யூதர்கள் அரசு வேலையில் இருக்கக் கூடாது, நீதிபதியாகக் கூடாது, வக்கீல் தொழில் செய்யக் கூடாது. 1940-ல் அது அமலுக்கு வந்தது. ஹாகாவோடு நீதிமன்றங்களில் பழகிய, வாதாடிய மனிதர்களும் இதில் அடங்குவார்கள். ஜெர்மானியர்கள் இன்னும் கடுமையான சட்டம் கொண்டுவருவதற்குள் நாமே ஒன்றைப் போட்டுவிடலாம் என்று அன்று காரணம் சொல்லப்பட்டது. நடந்தது? அதைவிடக் கடுமையானதும் வந்தது. இன்று பிராகாவின் பின்காஸ் யூத ஆலயச் சுவர்களில், கொல்லப்பட்ட கிட்டத்தட்ட 80,000 பேரின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன.

ராஜினாமா செய்யாத நாள்

ஹாகா வாழ்க்கையில் பெர்லின் இரவைவிட முக்கியமான நாட்கள் எவை என்று கேட்டால், 1941 செப்டம்பர் கடைசி வாரம் என்று சொல்லலாம். பெர்லினில் அவர் யோசிக்கக் கிடைத்தது சில மணி நேரம். இங்கே அப்படி இல்லை.

நோய்ராத் மென்மையாக இருக்கிறார் என்று ஹிட்லருக்குக் கோபம். செப்டம்பர் 27 அன்று ரைன்ஹார்ட் ஹெய்ட்ரிக் பிராகாவில் வந்து இறங்கினார். நாஜி உளவு, பாதுகாப்பு அமைப்புகளின் தலைவர். வந்த கையோடு எலியாஷ் கைது. அக்டோபர் 1 அன்று மரண தண்டனை. ஊரெங்கும் ராணுவச் சட்டம், தினமும் தூக்கு, துப்பாக்கிச் சூடு.

தன் பிரதமருக்கே மரண தண்டனை விதித்துவிட்டார்கள். இனி அங்கே இருக்க என்ன காரணம்? பதவி விலகுங்கள் என்று லண்டனிலிருந்து பெனஷும் சொல்லி அனுப்பினார். ஹாகா யோசித்தார். ராஜினாமா செய்யவில்லை. தான் போனால் இன்னும் மோசமான ஆள் வருவார், ரத்தம் இன்னும் அதிகமாக ஓடும் என்று நினைத்தார். பெர்லினில் கையெழுத்துப் போடும்போது இருந்த அதே கணக்கு.

இதன் பிறகு லண்டனும் அவரைக் கைகழுவிவிட்டது.

நவம்பர் 19 அன்று பிராகாவின் புனித விட்டஸ் தேவாலயத்தில் ஒரு சடங்கு நடந்தது. செக் மன்னர்களின் கிரீடம் இருக்கும் அறைக்கு ஏழு பூட்டு, ஏழு சாவி. ஏழு பொறுப்பாளர்களிடம் ஆளுக்கொன்றாக இருக்கும். ஏழு பேரும் ஒன்று கூடினால்தான் கதவு திறக்கும். அன்று அந்த ஏழு சாவிகளையும் ஹாகா ஹெய்ட்ரிக்கிடம் கொடுத்தார். ஹெய்ட்ரிக் மூன்றை மட்டும் திருப்பிக் கொடுத்து, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்ற தோரணையில் நின்றார். அந்தக் காட்சியைப் புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

1942 மே 27. லண்டனிலிருந்து பாராசூட்டில் அனுப்பப்பட்ட வீரர்கள் ஹெய்ட்ரிக் கார் மீது தாக்குதல் நடத்தினார்கள். ஜூன் 4 அன்று அவர் இறந்தார். ஹாகா வானொலியில் பேசினார். பெனஷைத்தான் கண்டித்தார். மூன்று வருஷத்துக்கு முன் ரகசியமாகத் தொடர்பில் இருந்த அதே பெனஷை! ஜூன் 10 அன்று லிடிட்சே கிராமத்தில் 173 ஆண்களைச் சுட்டுக் கொன்று, பெண்களை வதைமுகாமுக்கு அனுப்பி, ஊரையே மண்ணோடு மண்ணாக்கினார்கள் நாஜிகள். ஜூன் 19 அன்று எலியாஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். ரத்தத்தைக் குறைக்கத்தான் இருக்கிறேன் என்றவர் கண் முன்னால் இதெல்லாம் நடந்தது.

கடைசி நாட்கள்

1943 வாக்கில் ஹாகாவின் நினைவு தடுமாறத் தொடங்கியது. மூளை ரத்தக் குழாய் நோய். பெரும்பாலும் பிராகாவுக்கு வெளியே லானி மாளிகையிலேயே இருந்தார். நாட்டில் என்ன நடக்கிறது என்பதே சரியாகப் புரியாத நிலைமை. ஆனாலும் நாஜிகள் அவரை விடவில்லை. பெயரும் கையெழுத்தும் தேவைப்பட்டதே.

1945 மே மாதம் போர் முடிந்தது. மே 13 அன்று புது அரசு அவரை லானியில் கைது செய்தது. நடக்கவே முடியாதவரைப் பிராகாவின் பன்க்ராட்ஸ் சிறை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஜூன் 27 அன்று அங்கேயே இறந்தார். வயது 72.

உயிரோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊகிக்க வழி இருக்கிறது. பெர்லின் இரவில் பிரதமராக இருந்த ருடால்ஃப் பெரானுக்கு 20 வருஷம் சிறை. சிறையிலேயே 1954-ல் செத்துப்போனார். எலியாஷுக்குப் பின் வந்த பிரதமர் க்ரெய்ச்சிக்கு 25 வருஷம். ஹாகா வழக்கு விசாரணைக்கே வரவில்லை. பழைய நீதிபதி ஒருநாளும் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. அதனால் அவர் பக்க வாதமும் எந்த நீதிமன்றத்திலும் பதிவாகவில்லை.

பிராகாவின் வினோஹ்ராடி கல்லறைத் தோட்டத்தில் சத்தமில்லாமல் புதைத்தார்கள். பல காலம் அந்த இடத்தில் பெயர்கூட இல்லை. இப்போது ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. எலியாஷின் அஸ்தி 2006-ல் அரசு மரியாதையோடு விட்கோவ் நினைவிடத்தில் வைக்கப்பட்டது. இரண்டு பேரும் ஒரே அரசில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள்.

சட்டக் கல்லூரியில் ஹாகா

சட்டம் படிக்கும் வாசகர்களுக்கு இது தெரிந்திருக்கலாம். நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தங்கள் பற்றிய 1969-ம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில் 51-வது பிரிவு என்று ஒன்று உண்டு. ஒரு நாட்டின் பிரதிநிதியைத் தனிப்பட்ட முறையில் மிரட்டியோ வற்புறுத்தியோ கையெழுத்து வாங்கினால், அந்தச் சம்மதத்துக்குச் சட்ட மதிப்பே கிடையாது என்று அது சொல்கிறது. இந்தப் பிரிவை வகுத்த ஐ.நா. சட்ட நிபுணர்கள் தங்கள் விளக்கக் குறிப்பில் காட்டிய உதாரணம், 1939 மார்ச்சில் செக்கோ-ஸ்லோவாக்கிய அதிபரிடமும் வெளியுறவு அமைச்சரிடமும் பெர்லினில் வாங்கிய கையெழுத்து. இன்றும் சர்வதேசச் சட்டப் பாடப்புத்தகங்களில் அந்தப் பிரிவுக்குப் பக்கத்தில் அவர் பெயர் வருகிறது, உத்தரவு செல்லாது என்பதற்கான உதாரணமாக.